பாசிக்குடாவுக்கு வரும் டொலர் எங்கே இறங்குகிறது?

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசினது பேசினபடியே இருக்கட்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபடியால் பேச்சுச் சொற்கள் பலவற்றைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு "இலங்கையின் சுற்றுலாத்துறை: வளர்ச்சியும் அமைப்பும்" என்பதாகும். உயர்தரப் பரீட்சை வினாத்தாளில் இருபது புள்ளிக்கு வரவேண்டிய தலைப்பு. நான் பேராசிரியன் அல்லன். ஹோட்டல்களின் கணக்குப் பிரிவிலே இருந்து தலை நரைத்தவன். கணக்குக்காரனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். காசு எங்கே புறப்படுகிறது, யார் யாருடைய கைக்குள்ளால் போகிறது, கடைசியில் எங்கே போய் இறங்குகிறது என்று பார்ப்பது. அந்த வழியாலேயே இந்தத் தலைப்புக்குள்ளும் போகிறேன்.

போவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கட சனம் கேட்கிற கேள்வி ஒன்று. "பாசிக்குடாவில இவ்வளவு ஹோட்டல் வந்திருக்கு. எங்கட பெடியளுக்கு ஏன் காவலாளி வேலையும் தோட்ட வேலையும்தான் கிடைக்குது?" கோவிலடியிலும் கேட்கிறார்கள், செத்த வீட்டிலும் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். "அவங்கள் தரமாட்டாங்கள்" என்பதுதான் அந்தப் பதில். அதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது அரைவாசி உண்மை. மற்ற அரைவாசி இந்தத் துறையின் வரலாற்றுக்குள்ளே இருக்கிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாங்கள் படித்த காலத்தில் இதற்கு "உல்லாசப் பிரயாணத்துறை" என்று பெயர். இப்போது சுற்றுலா என்கிறார்கள். உல்லாசம் என்ற அந்தச் சொல்லே இந்தத் தொழிலுக்கு எங்கள் வீடுகளில் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. "உல்லாசம்" என்ற சொல்லோடு சேர்ந்த வேலைக்கு எந்தத் தகப்பன் பிள்ளையை அனுப்புவான்?

எங்கள் முன்னோரும் பயணம் போனவர்கள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டுக் கிழக்குக் கரையோரமாக, மட்டக்களப்பைக் கடந்து, உகந்தை வழியாகக் காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமம் போகிற பாதயாத்திரை இன்றைக்கும் நடக்கிறது. வழிநெடுக மடமும் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் இருந்தன. அதுவும் ஒரு அமைப்பு. காசு வாங்காத அமைப்பு.

காசு வாங்குகிற அமைப்பு கப்பலோடு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவுக்கும் கீழைத்தேசத்துக்கும் இடையில் ஓடிய கப்பல்கள் கொழும்பிலே தரித்துப் போயின. அதற்குச் சற்று முன்னரே, 1864இல், காலிமுகத்திடல் ஹோட்டல் எழுந்துவிட்டது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் ஒன்றிரண்டு நாளுக்குள் பயணிகளைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்வருவது ஒரு தொழிலாயிற்று. துரைமாருக்கு வெயில் தாங்காதபோது நுவரெலியா. மாவட்டங்களைச் சுற்றும் உத்தியோகத்தருக்கு "றெஸ்ற் ஹவுஸ்" என்ற வாடி வீடுகள். 1937இல் அரசாங்கம் ஒரு பயண அலுவலகத்தைத் திறந்தது. உலக யுத்தம் வந்ததும் மூடிவிட்டது. 1948இல் மறுபடியும் திறந்தது. இந்தக் காலத்தை இவ்வளவோடு விடுகிறேன். கதை உண்மையில் தொடங்குவது 1966இல்.

அந்த ஆண்டு நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 18,969 பேர். ஒரு பெரிய கோவில் திருவிழாவுக்கு வருகிற சனம்கூட இல்லை. அரசாங்கத்துக்கு அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. டட்லி சேனநாயக்க அரசாங்கத்தில் இராஜாங்க அமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன இந்தத் துறையைக் கையில் எடுத்தார். 1966ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை உல்லாசப் பயணச் சபை உருவாயிற்று. ஹோட்டல் கூட்டுத்தாபனமும் வந்தது. ஹாரிஸ், கெர், ஃபோஸ்டர் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் 1967 முதல் 1976 வரைக்குமான பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தது. அந்தத் திட்டம் நாட்டை ஐந்து பகுதிகளாகப் பார்த்தது: கொழும்பு நகரம், தெற்குக் கரையோரம், கிழக்குக் கரையோரம், மலைநாடு, பழம்பெரும் இராசதானி நகரங்கள்.

மாணவச் செல்வங்கள் இதைக் கவனிக்கவேண்டும். கிழக்குக் கரையோரம் அந்த முதல் பட்டியலிலேயே இருந்தது. பாசிக்குடா யாரோ யுத்தத்துக்குப் பிறகு கண்டுபிடித்த இடம் அல்ல. 1970களிலேயே அங்கே ஹோட்டல்கள் இருந்தன. கல்குடாவில் புகையிரதம் நின்று வெள்ளைக்காரர் பையோடு இறங்குவதை எங்கள் வயதுக்காரர் கண்டிருக்கிறார்கள். அந்த விரிகுடாவில் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் நெஞ்சுக்கு வராது. அப்படியொரு குடா நாட்டின் மேற்குக் கரையில் கிடையாது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்து மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. அதிலிருந்தும் எழும்பினோம்.

இதே காலத்தில் மேற்கே பெந்தோட்டையில் அரசாங்கம் காணியை எடுத்து, வங்கி, தபாற்கந்தோர், கடைத்தொகுதி, புகையிரத நிலையம் என்று ஒரு விடுமுறை நகரத்தையே அமைத்தது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அங்கே வரைந்த ஹோட்டல், நாடு முழுவதும் ஹோட்டல் கட்டுகிற பாணிக்கே வழிகாட்டியாயிற்று. கட்டுநாயக்காவில் கனடாவின் உதவியோடு பெரிய ஜெட் விமானங்கள் இறங்கத்தக்க ஓடுபாதை வந்தது. 1979இல் எயார் லங்கா பறக்கத் தொடங்கியது. 1982இல் வந்தவர்கள் 4,07,230 பேர். பதினாறு வருஷத்தில் இருபது மடங்குக்கு மேல்!

அடுத்த வருஷம் 1983. அதைப்பற்றி இந்தச் சபைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1989இல் தொகை 1,84,732 ஆக விழுந்தது. தெற்கிலும் அப்போது இரத்தக் களரி நடந்துகொண்டிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் தெற்கு நிமிர்ந்தது. 1994இல் நாட்டின் வருகை மீண்டும் நான்கு இலட்சத்தைத் தாண்டியது. அந்த நான்கு இலட்சத்தில் கிழக்குக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. எங்கள் ஹோட்டல்கள் இடிந்து பற்றைக்காடாய்க் கிடந்தன. 2004 டிசம்பர் 26இல் கடலும் தன் பங்குக்கு வந்து போனது.

இப்போது நான் முதலில் சொன்ன மற்ற அரைவாசி உண்மைக்கு வருகிறேன். கட்டடம் இடிந்தால் மூன்று வருஷத்தில் கட்டலாம். கை போனால் கட்டமுடியாது. 1970களில் ஹிக்கடுவையிலே, உனவட்டுனவிலே வீட்டின் ஒரு அறையைப் பயணிக்கு வாடகைக்குக் கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தகப்பன் அறை கொடுத்தார், தாய் சோறு கறி போட்டார். மகன் ஹோட்டலில் பீங்கான் கழுவத் தொடங்கிச் சமையற்காரனாகி, மாலைதீவுக்குப் போய் உழைத்துக்கொண்டு வந்து, அதே வளவில் பத்து அறை கட்டினான். பேரப்பிள்ளை முகாமைத்துவம் படித்து ஜேர்மன் மொழி பேசுகிறாள். மூன்று தலைமுறை! இந்தத் தொழிலைப் புத்தகத்தில் படிப்பதில் பாதியும் பக்கத்தில் நின்று பார்ப்பதில் பாதியுமாகத்தான் பழகமுடியும். கிழக்கில் 1970களில் அப்படிப் பக்கத்தில் நின்று பழகத் தொடங்கிய பெடியள் யுத்தத்தோடு சிதறிப் போனார்கள். சிலர் கொழும்புக்கு, சிலர் மத்திய கிழக்குக்கு, பலர் ஐரோப்பாவுக்கு. அங்கே உணவகச் சமையலறைகளில் மிகத் திறமாக வேலை செய்தவர்கள் எத்தனை பேர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்! சிரிக்கிறீர்கள், ஆனால் அதுதான் உண்மை. எங்கட கை சூரிச்சுக்கும் பாரிசுக்கும் போய்விட்டது. 2011 அளவில் பாசிக்குடாவில் புது ஹோட்டல்கள் திறந்தபோது, பயிற்சி உள்ள ஆளை இங்கே தேடினால் ஆள் இல்லை. முகாமையாளர், தலைமைச் சமையற்காரர், வரவேற்புப் பகுதி மேற்பார்வையாளர் எல்லோரும் மேற்கிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டார்கள். எந்தத் தொழிலிலும் அப்படித்தான் நடக்கும்.

இனி மற்றப் பக்கம். அதையும் மறைக்கக்கூடாது. பாசிக்குடா வலயத்தின் காணிகளைக் கொழும்பிலே வைத்துத் துண்டு போட்டு முதலீட்டு நிறுவனங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். பெரிய பெரிய துண்டுகள். பத்து அறை கட்டக்கூடிய உள்ளூர் முதலாளி ஒருவர் அந்தக் கேள்விப் பத்திரத்தைத் தொட்டும் பார்க்கமுடியாது. தோணி இழுத்து வைக்கிற இடம் எங்கே, வலை காயப்போடுகிற இடம் எங்கே என்று கடற்றொழிலாளருக்கு வந்த பிரச்சினைகள் உங்களுக்குத் தெரியும். ஹோட்டலுக்கு ஒரு மதில், மதிலுக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு காவலாளி. எங்கட பெடியன் நிற்கிற இடம் அதுதான்.

இதே கரையில் தெற்கே போனால் அறுகம்பை. அங்கே கதை வேறு. கடல் அலையில் பலகை சறுக்குகிற வெள்ளைக்காரப் பெடியள் 1970களிலிருந்து வந்துபோனார்கள். பொத்துவில் சனம் ஓலைக் கொட்டில் போட்டு இடம் கொடுத்தது. முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள் எல்லாம் அதில் உண்டு. யுத்தத்திலும் முற்றாக அணையவில்லை. சுனாமிக்குப் பிறகு, 2005இல், அந்த ஊருக்குப் பெரிய அபிவிருத்தித் திட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டபோது ஊர்ச்சனம் தங்கள் காணி போய்விடும் என்று எதிர்த்து நின்றது. இன்றைக்கும் அங்கே பெரும்பாலானவை சிறிய விடுதிகள். குப்பைப் பிரச்சினை இருக்கிறது, வீதி நெரிசல் இருக்கிறது, பருவம் முடிந்தால் ஊர் உறங்கிவிடும். பாசிக்குடா ஹோட்டலில் இருக்கிற ஒழுங்கும் துப்புரவும் அங்கே எல்லா இடமும் இல்லை. ஆனால் அறைக்குக் கொடுக்கிற காசு அந்த ஊர்ப் பலசரக்குக் கடையிலேயே அன்று பின்னேரம் மாறுகிறது. ஒரே கரை, ஒரே கடல், இரண்டு அமைப்பு.

அமைப்பு என்றபடியால் காசு போகிற பாதையை இப்போது விரிவாகச் சொல்கிறேன். இதுதான் என் பாடம்.

முந்தி ஒரு ஜேர்மன்காரக் குடும்பம் விடுமுறைக்கு வரவேண்டுமென்றால் தங்கள் ஊர் முகவரிடம் முழுப் பணத்தையும் கட்டிவிடும். விமானம், ஹோட்டல், சாப்பாடு, வாகனம் எல்லாம் அதற்குள். விமானக் காசும் முகவரின் இலாபமும் அங்கேயே நின்றுவிடும். மிச்சம் கொழும்பிலுள்ள பயண நிறுவனத்துக்கு வரும். அது வாகனம், வழிகாட்டி, ஹோட்டல் என்று பிரிக்கும். ஹோட்டல் அந்தப் பயண நிறுவனத்தோடு ஒரு வருஷத்துக்கு முன்பே அறை விலையைப் பேசி ஒப்பந்தம் எழுதியிருக்கும். இத்தனை அறை உங்களுக்கு ஒதுக்கி வைக்கிறோம், விற்காவிட்டால் இத்தனை நாளுக்கு முதல் திருப்பித் தாருங்கள் என்று. அந்த மேசையில் பேரம் பேசத் தெரிந்தவன் சாமர்த்தியசாலி. அவன் தவறவிட்டால் அந்த வருஷம் முழுக்க ஹோட்டல் நிறைந்திருக்கும், பெட்டியில் காசு இருக்காது. அப்படியும் நான் கண்டிருக்கிறேன்.

இப்போது பாதி வியாபாரம் கைத்தொலைபேசிக்குள்ளால் வருகிறது. பயணி இணையத்தில் அறையைப் பார்த்து நேரே பதிவு செய்கிறான். இடையில் ஆளே இல்லை என்று நினைக்கவேண்டாம். கண்ணுக்குத் தெரியாத முகவர் அங்கேயும் இருக்கிறார். நூறு டொலருக்குப் பொதுவாகப் பதினைந்தோ அதற்கு மேலேயோ அந்தப் பதிவுத் தளம் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். இருநூறு அறை வைத்திருப்பவனும் இரண்டு அறை வைத்திருப்பவனும் அந்தத் திரையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். முந்தி அந்த முகவரின் விளம்பரப் புத்தகத்தில் எங்கட ஊர் வீடு ஒருநாளும் ஏறியிராது.

ஹோட்டலுக்கு வந்து சேர்ந்த காசு அங்கேயே தங்குகிறதா? இல்லை. வங்கிக் கடனுக்கு வட்டி, மின்சாரம், டீசல், இறக்குமதி மதுபானம், ஹோட்டலை நடத்திக் கொடுக்கிற முகாமை நிறுவனத்தின் கட்டணம். அதற்குப் பிறகுதான் சம்பளமும் சாப்பாட்டுச் சாமானும்.

சாப்பாட்டுச் சாமானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் இறங்குகிற மீன் லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போகும். கொழும்பு மொத்த வியாபாரி அதைச் சுத்தம் செய்து, பெட்டியில் அடைத்து, குளிரூட்டிய வாகனத்தில் கிழக்கு ஹோட்டலுக்கு அனுப்புவார். மூன்று மைல் தூரத்திலிருந்து வரவேண்டிய மீன் நாட்டைக் குறுக்கே இரண்டு தரம் கடந்து வருகிறது! இதைக் கண்டு முதலில் எனக்கும் கோபம் வந்தது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். ஹோட்டல் காசு கொடுப்பது நாற்பத்தைந்து, அறுபது நாளுக்குப் பிறகு. எங்கட மீன்காரருக்கு அன்றைக்கே காசு வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு மண்ணெண்ணெய் இல்லை. ஹோட்டலுக்கு விலைச்சிட்டை வேண்டும், ஒரே அளவு மீன் வேண்டும், ஐஸ் வேண்டும், திங்களும் வேண்டும் ஞாயிறும் வேண்டும். இந்த நாற்பத்தைந்து நாளைத் தாங்கக்கூடிய முதல் கொழும்பு வியாபாரியிடம் இருக்கிறது. அவர் மீனை விற்று உழைப்பதாகத் தெரிந்தாலும் உண்மையில் பொறுத்திருப்பதை விற்று உழைக்கிறார். இதிலே துவேஷமும் இல்லை, சதியும் இல்லை. நாற்பத்தைந்து நாள்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் இதை ஒருதரம் யோசித்துப் பாருங்கள். கடற்கரையில் காணி வாங்கிக் கம்பி வேலி அடைத்துப் பூட்டிவிட்டுப் போகிற முதல், ஒரு குளிர் அறைக்கும் நாற்பத்தைந்து நாள் கடனுக்கும் போதும். வேலி அடைத்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்!

அரசாங்கப் பக்க அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. பழைய உல்லாசப் பயணச் சபை போய், நான்கு நிறுவனங்கள் வந்தன. காணி, அனுமதி, தரம் பார்ப்பது அபிவிருத்தி அதிகார சபை. வெளிநாட்டில் விளம்பரம் செய்வது மேம்பாட்டுப் பணியகம். மாநாடுகளைக் கொண்டுவருவது மாநாட்டுப் பணியகம். நாலாவது ஹோட்டல் பாடசாலை. சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம் என்பது அதன் இப்போதைய பெயர். பதிவு செய்த நிறுவனங்கள் தங்கள் விற்பனையில் ஒரு வீதம் வரியாகக் கட்டுகின்றன. விமான நிலையத்தில் புறப்படுகிற பயணியிடம் அறவிடும் கட்டணத்தில் ஒரு பங்கும் சேர்ந்து ஒரு நிதியமாகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டில் இரண்டு அறை வைத்திருப்பவர்களும் அங்கே பதிவு செய்யலாம். நட்சத்திர ஹோட்டலுக்கு மட்டுமல்ல, விருந்தினர் இல்லத்துக்கும் வீட்டுத் தங்குமிடத்துக்கும் அங்கே இடம் உண்டு. எங்கள் பக்கத்தில் பலர் இதை அறியாமல், பயந்து பயந்து கள்ளமாக அறை கொடுக்கிறார்கள்.

இன்னொரு தொகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2018இல் 23,33,796 பேர் வந்தார்கள், 438 கோடி டொலர் வருமானம் என்று பத்திரிகைகள் எழுதின. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு ஹோட்டல்களிலும் தேவாலயங்களிலும் எங்கட மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. பிறகு கொரோனா. 2021இல் வந்தவர்கள் 1,94,495 பேர்தான். 2022இல் பெற்றோலுக்கு வரிசை. 2024இல்தான் மறுபடி இருபது இலட்சத்தைத் தாண்டியது; அதில் முதலிடம் இந்தியா. இதெல்லாம் கட்டுநாயக்காவில் எண்ணுகிற தலை. எங்கட சொந்த நாட்டுச் சனம் விடுமுறைக்குப் போவதை அங்கே எண்ணுவதில்லை. ஏப்ரலில் நுவரெலியாவுக்கு ஏறுகிற சனம், வாடகை பஸ்ஸில் டோல்கியும் சமையற் பாத்திரமுமாக வந்து வீதியோரம் சமைத்துச் சாப்பிட்டுப் பைலா பாடிப் போகிற சனம், நல்லூருக்கும் மடுவுக்கும் சிவனொளிபாதமலைக்கும் போகிற சனம், திணைக்களத்துச் சுற்றுலா விடுதியில் மலிவாக அறை எடுத்துப் பிள்ளைகளோடு இரண்டு நாள் தங்குகிற அரசாங்க உத்தியோகத்தர். இவர்களும் இந்தத் துறைதான். 2019க்குப் பிறகு வெளிநாட்டவர் இல்லாத காலத்தில் பல ஹோட்டல்கள் கதவைத் திறந்து வைத்திருக்கக் காரணம் இவர்களே. அந்த நாட்களில் பேரேட்டை நான் எழுதினவன், எனக்குத் தெரியும்.

எங்கள் கரைக்கு இந்தச் சனம் மற்றக் கரையைவிட முக்கியம். ஏனென்றால் காற்று அப்படி. மேற்கிலும் தெற்கிலும் நல்ல கடல் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஐரோப்பாவில் குளிர் காலம். வெள்ளைக்காரன் குளிருக்குப் பயந்து ஓடிவருகிற நேரம். எங்களுக்கு அப்போது வாடைக்காற்றும் மாரி மழையும். எங்கள் கடல் அடங்குவது ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, கச்சான் அடிக்கிற காலம். அப்போது ஐரோப்பாவில் கோடை. அவனுக்குக் கிட்டவே ஸ்பெயினும் கிரேக்கமும் இருக்கிறது, ஏன் இவ்வளவு தூரம் வரவேண்டும்? ஆகவே பழைய முகவர்கள் மேற்குக் கரையை வைத்தே முழு நாட்டையும் விற்றார்கள். கிழக்கு ஒட்டுத் துணியாக நின்றது. ஆனால் ஏப்ரலும் ஆகஸ்ட்டும் எங்கள் நாட்டுப் பள்ளிக்கூட விடுமுறை. ஜூலையும் ஆகஸ்ட்டும் கனடாவிலும் லண்டனிலும் சுவிசிலும் பள்ளிக்கூடம் மூடுகிற காலம். உங்கள் பிள்ளைகள் ஊர் பார்க்க வருகிற நேரம் எங்கள் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். எங்கள் கரையின் இயற்கையான வாடிக்கையாளர் யாரென்று காற்றே சொல்லிவிட்டது. அவர்களுக்குத் தமிழில் பேசத் தெரிந்த, குரக்கன் பிட்டும் இறால் சொதியும் வைக்கத் தெரிந்த, பத்து அறை வீடுகள் எத்தனை இருக்கின்றன? எண்ணிப் பாருங்கள்.

இனிப் பெற்றோருக்கு. "ஹோட்டல் வேலை மரியாதையா?" என்பது ஒரு கேள்வி. "பொம்பிளைப் பிள்ளையை எப்படி அனுப்புறது?" என்பது இன்னொன்று. உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்ல நான் வரவில்லை. தெற்குக் கரையில் 1980களிலும் 90களிலும் பயணிகளின் பின்னால் கெட்டழிந்த சிறுவர்கள் உண்டு. அதற்காகவே 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திச் சிறுவர்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுவதற்குக் கடும் தண்டனை கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த ஆபத்து பெரும்பாலும் கடற்கரையில் வேலையில்லாமல் திரிந்த பிள்ளைக்கு வந்தது. சீருடையும் சம்பளப் பதிவும் ஊழியர் சேமலாப நிதியும் உள்ள பிள்ளைக்கு ஹோட்டலே ஒரு காவல். பெண்கள் இந்தத் துறையில் மிகக் குறைவு. கணக்குப் பிரிவு, அறை ஒதுக்கீடு, வரவேற்பு, சமையலறையில் இனிப்புப் பகுதி ஆகிய இடங்களில் நான் கண்ட மிகத் திறமான ஆட்களில் பலர் பெண்கள். இரவு வேலை முடிந்தால் வாகனத்தில் வீட்டு வாசலில் இறக்குகிறார்களா என்று கேளுங்கள். அது நேர்முகப் பரீட்சையில் கேட்கவேண்டிய கேள்வி, வெட்கப்படத் தேவையில்லை.

சம்பளம் பற்றியும் ஒரு விளக்கம். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு "இவ்வளவுதானா" என்று எழும்பி வரவேண்டாம். விருந்தினர் பட்டியலில் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்க்கப்படும். அது மாத முடிவில் புள்ளி முறைப்படி ஊழியர்களுக்குப் பிரிக்கப்படும். நல்ல பருவத்தில் அது அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டும். மழைக் காலத்தில் தேநீர்ச் செலவுக்கும் காணாது. ஆகவே ஆகஸ்ட் மாதச் சம்பளத்தை நம்பி மோட்டார் சைக்கிள் தவணைக்கு எடுக்கவேண்டாம். டிசம்பரில் கட்டமுடியாமல் திருப்பிக் கொடுத்த பெடியள் பலர்!

உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிற மாணவர்களுக்கு மூன்று விஷயம் கைக்கு அடக்கமாகச் சொல்கிறேன். காவலாளி வேலை கிடைத்தால் போங்கள், ஆனால் ஆறு மாதத்துக்குள் வாசலை விட்டு உள்ளே வாருங்கள்; சமையலறையோ கணக்கோ அறை ஒதுக்கீடோ எதுவாயினும். ஆங்கிலம் எல்லோரும் சொல்கிறார்கள், நான் சிங்களத்தையும் சொல்கிறேன். எங்கட கரைக்கு வருகிற விருந்தினரில் பெரும்பகுதி சிங்களச் சனம். சமையலறையின் மொழியும் இன்றைக்குச் சிங்களம்தான். அந்த மொழி தெரியாதவன் மேற்பார்வையாளன் ஆகமுடியாது. அது அரசியல் இல்லை, வேலை. மூன்றாவது, அறை விலை ஒப்பந்தம் எழுதுகிற பகுதி ஒன்று ஒவ்வொரு ஹோட்டலிலும் இருக்கிறது. விற்பனைப் பிரிவு என்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் அந்தக் கதவைத் தட்டி நான் கண்டதில்லை. கணக்கும் வர்த்தகமும் படித்தவர்களுக்கு அங்கே இடம் உண்டு.

ஹோட்டல் பாடசாலை விண்ணப்பப் படிவங்களும் வீட்டுத் தங்குமிடப் பதிவுப் படிவங்களும் ஒரு கட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய வர்த்தக வகுப்பறையில், ஜன்னல் பக்கமாக, நாலு மணி வரைக்கும் இருப்பேன். நிரப்பத் தெரியாதவர்கள் அடையாள அட்டையையும் ஒரு பேனாவையும் கொண்டு வாருங்கள், சேர்ந்திருந்து நிரப்புவோம்.